பேனாவால் வரைந்த ஐந்தாவது கட்டம்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, செவிலியர் கண்காணிப்பாளர் அவர்களே, பணி முடிந்த களைப்போடும் பணிக்குப் போக வேண்டிய அவசரத்தோடும் சுவரோரம் நிற்கும் செவிலியர்களே, ஆக்சிஜன் உருளையை இழுத்துக்கொண்டு இந்த மூன்றாம் மாடிவரை வந்திருக்கும் நோயாளர்களே, அவர்களைக் கைபிடித்து அழைத்து வந்த குடும்பத்தாரே, நாம் இன்று நினைவுகூரக் கூடியிருக்கும் மேடத்தின் கணவராக முன்வரிசையில் இருப்பவர் அவர்களே, அவர் பெற்ற மகளே! உங்கள் எல்லோருக்கும் வணக்கம். இந்த மைக் என் குரலைப் போலவே கரகரக்கிறது. இரண்டையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. நான் இந்த மருத்துவமனையின் புள்ளியியலாளன். உங்களில் பலருக்கு என் முகம் தெரியாது. ஆனால் உங்கள் மூச்சைப் பற்றிப் பதினாறு கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை மாதாமாதம் நிரப்பித் தருகிறீர்களே, அதை ஒரே ஓர் எண்ணாக மாற்றி டாக்டரின் திரைக்கு அனுப்புகிறவன் நான்தான். மேடம் என்னைக் 'கணக்கு சார்' என்றுதான் கூப்பிடுவார். பதினெட்டு வருடமாக அப்படித்தான் கூப்பிட்டார். இன்றோடு பதினாறு நாள் ஆகிறது, என்னை அப்படிக் கூப்பிட ஆளில்லை.

அவரை எந்தப் பெயரால் நினைவுகூர்வது? 'தலைவர், நோயாளர் படிவப் பிரிவு' என்று கதவில் பலகை இருக்கிறது. அந்தப் பலகையைப் படித்து அவரைத் தேடி வந்தவர் யார்? வெளிநோயாளர் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் "ஏன் அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்டார்கள். ஏன் அக்கா! நீங்கள் டிக் போட்டுக் கொடுத்த தாளை வாங்கி, ஒரு கட்டத்தை விரலால் தொட்டு, "இதை ஏன் போட்டீங்க?" என்று கேட்பார். அதட்டலாக இருக்காது. தனக்கு ஒன்றும் தெரியாது, நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும் என்பது போல இருக்கும் அந்தக் கேள்வி. அப்படிக் கேட்டுக் கேட்டே அந்தப் பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. அவருக்கு அதில் உள்ளூர ரொம்பப் பெருமை.

அன்பர்களே! அவர் செய்த வேலை என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தை அளக்க இயந்திரம் உண்டு. ஊதச் சொல்லி மூச்சை அளக்கக் குழாய் உண்டு. ஒரு மனிதர் படும் பாட்டை எதை வைத்து அளப்பது? அவரைத்தான் கேட்க வேண்டும். கேட்பதற்கு ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளில் என்ன கேள்வி இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது என்று தீர்மானிப்பதுதான் அவர் வேலை. இதற்கு எங்கள் துறையில் 'உள்ளடக்க ஏற்புடைமை' என்று வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் அதை இப்படித்தான் சொல்வார்: "கேக்க வேண்டியதைக் கேட்டோமா? கேட்டது அவங்களுக்குப் புரிஞ்சுதா? எதையாவது கேக்காம விட்டுட்டோமா? அவ்வளவுதாம்மா. மிச்சமெல்லாம் கணக்கு சார் பார்த்துக்குவார்."

மிச்சத்தை நான் பார்த்துக்கொண்ட அழகைப் பின்னால் சொல்கிறேன்.

பழைய கோப்புகள் வைக்கும் கிடங்குக்குப் பின்னால் எங்கள் அறை. ஜன்னல் ஒன்று, அதுவும் சலவைப் பிரிவைப் பார்த்தபடி. அங்கே அவர் நோயாளரை உட்கார வைக்கும் விதமே தனி. நடுவில் மேசை கிடையாது. இரண்டு நாற்காலியும் பக்கத்தில் பக்கத்தில். இருவரும் ஒரே தாளைப் பார்ப்பார்கள். "மேசையை நடுவுல போட்டா டாக்டர்கிட்ட சொல்ற பதிலைத்தான் சொல்லுவாங்க சார்" என்பார். கேள்வியை உரக்கப் படிக்கச் சொல்வார். படித்ததும், "இது என்ன கேக்குது? உங்க வார்த்தையில சொல்லுங்க" என்பார். சொன்னதும், "இப்ப மனசுல ஓடறதை அப்படியே வாயால சொல்லிக்கிட்டே டிக் போடுங்க" என்பார். ஒரு கேள்விக்கு இருபது பேர், முப்பது பேர் என்று இப்படியே கேட்பார். அவசரம் என்பதே அந்த அறைக்குள் வராது.

ஒருமுறை ஒரு பெரியவரிடம், 'மூச்சுத்திணறல் மிதமாக இருந்ததா?' என்ற கேள்வி போனது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "மிதமான மழைன்னு ரேடியோவுல சொல்லுவான். நெஞ்சை அடைக்கிறதுல மிதமா எப்படி அடைக்கும்? அடைச்சா அடைச்சதுதானே?" அன்று மாலைக்குள் 'மிதமாக' என்ற சொல் எங்கள் படிவங்கள் அத்தனையிலிருந்தும் வெளியேறியது. பெரிய நாடுகளில் இருந்து வந்த படிவம் அது, மேடம் ஒரு மாலையில் வெட்டிவிட்டார்.

இன்னொருமுறை ஒரு கேள்வி நிபுணர் குழுவுக்குப் போனது. ஐந்து மருத்துவர்கள். ஐந்து பேரும் 'மிகவும் பொருத்தம்' என்று முழு மதிப்பெண் போட்டார்கள். மேடம் அதை நீக்க வேண்டும் என்றார். ஏன் என்று தலைமை மருத்துவர் கேட்டார், இதோ மேடையில்தான் இருக்கிறார், அவருக்கு நினைவிருக்கும். "நீங்க அஞ்சு பேரும் கெட்டிக்காரங்கதான் டாக்டர். ஆனா அஞ்சு பேருக்கும் நுரையீரல் நல்லா இருக்கே!" என்றார் மேடம். கூட்டம் சிரித்தது. கேள்வி போனது.

இவ்வளவு தெளிவானவர் எங்களுக்குக் கிடைத்தார். நாங்கள் அவரை என்ன செய்தோம்?

லாரிக்கார அண்ணன் வந்திருக்கிறார். அதோ, மூன்றாம் வரிசையில் தலையாட்டுகிறார். அண்ணே, உங்கள் கதையைச் சொல்லத்தான் வேண்டும், மன்னியுங்கள். எட்டு வருடத்துக்கு முன்னால், 'மாடிப்படி ஏறும்போது எவ்வளவு மூச்சு வாங்கியது?' என்ற கேள்விக்கு அண்ணன் 'வாங்கவே இல்லை' என்று டிக் போட்டிருந்தார். போன மாதம் 'நிறைய', இந்த மாதம் 'வாங்கவே இல்லை'. என் திரையில் அது முன்னேற்றம். நான் அதைப் பச்சை நிறத்தில் குறித்து மகிழ்ந்தேன். மேடம் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இதை ஏன் போட்டீங்க அண்ணே?"

"வாங்கலையேம்மா, அதான் போட்டேன்."

"படி ஏறினீங்களா?"

"எங்க ஏறுறது? கட்டிலைக் கீழே இறக்கிப் போட்டாச்சு. மூணு வாரமா மாடிப் பக்கமே போகலை."

அன்பர்களே, எண்ணிப் பாருங்கள்! படி ஏற முடியாமல் போன மனிதருக்கு நான் முன்னேற்றம் என்று எழுதினேன். அவர் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னார். கேள்விதான் அவரை விட்டுவிட்டது. மேடம் அறைக்குத் திரும்பி வந்து நாற்காலியில் உட்காராமலே சொன்னார்: "ரொம்ப முடியாதவங்களைத்தான் சார் நாம ரொம்ப நல்லா இருக்காங்கன்னு எழுதிட்டு இருக்கோம்." அந்த வாரமே, அன்றாட வேலைகளைப் பற்றிய ஐந்து கேள்விகளுக்குப் பக்கத்தில் ஐந்தாவது கட்டம் வந்தது. படி ஏறுவது, நடப்பது, குளிப்பது, பாரம் தூக்குவது, கடைக்குப் போவது. ஐந்தாவது கட்டத்தில், 'இதைச் செய்வதையே விட்டுவிட்டேன்' என்று எழுதியிருக்கும். எங்கள் கணக்கில் மதிப்பெண் கூடக்கூடப் படும் பாடும் கூடுதல்; அதில் அதுதான் உச்சம், நான்கு. உங்களில் எத்தனை பேர் அதில் டிக் போட்டிருக்கிறீர்கள்! அதைப் பார்த்துத்தான் வீட்டுக்குச் செவிலியர் வந்தார். அதைப் பார்த்துத்தான் உருளை வந்தது. அதெல்லாம் அவர் உங்களுக்குச் செய்தது.

இனி நான் சொல்லப் போவது எனக்குச் சொல்லக் கடினமானது. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். டாக்டர், இன்று ஒருநாள் என்னை நிறுத்தாதீர்கள்.

மூன்று வருடத்துக்கு முன் படிவத்தைத் திருத்த உட்கார்ந்தோம். எங்கள் படிவத்தில் இரண்டு அட்டவணை. மேலே வேலைகள். அவற்றுக்கு ஐந்து கட்டம். கீழே இருமல், சளி, தூக்கம், நெஞ்சு இறுக்கம் என்று உடம்பு படுத்தும் பாடுகள். அவற்றுக்கு நான்கு கட்டம்தான். இருமலுக்குப் பக்கத்தில் 'இதைச் செய்வதையே விட்டுவிட்டேன்' என்று யாராவது அச்சிடுவார்களா? அந்தக் கீழ் அட்டவணையில்தான் பன்னிரண்டாம் கேள்வி இருந்தது: 'பேசும்போது உங்களுக்கு எவ்வளவு மூச்சு வாங்கியது?' மேடம் அதை மேலே தூக்க வேண்டும் என்றார்.

ஒரு தையல்காரரின் மனைவி அவரிடம் வந்து சந்தோஷமாகச் சொன்னாராம்: "இப்பல்லாம் அவர் என்கூட சண்டையே போடறதில்லைங்க. கோபம் போயிடுச்சு, உடம்பும் தேறிடுச்சு." மேடம் தையல்காரரைத் தனியே உட்கார வைத்து, ஏன் சண்டை போடுவதில்லை என்று கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. தாளை வாங்கி எழுதிக் காட்டினார்: 'பேசினா மூச்சு போயிடுது.' அவர் படிவத்தில் பன்னிரண்டாம் கேள்விக்கு, 'வாங்கவே இல்லை' என்று டிக் இருந்தது.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. என்னிடம் கணக்கு இருந்ததே! எண்களைப் போட்டுப் பார்த்தால் பேச்சு இருமலோடுதான் சேர்ந்து ஏறுகிறது, இருமலோடுதான் இறங்குகிறது, மாடிப்படியோடு சேரவில்லை என்று காட்டினேன். எங்கள் வாக்குவாதம் எனக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது.

"முப்பத்தாறு பேரைப் பேட்டி எடுத்திருக்கோம் மேடம். ஒருத்தர்கூடப் பேசறதை விட்டுட்டேன்னு சொல்லலையே."

"எப்படி சார் சொல்லுவாங்க? பேட்டின்னா பேசணுமே!"

"ஒரு தையல்காரர் சொன்னார்னு படிவத்தையே மாத்த முடியுமா?"

"பேசறது இருமல் மாதிரி தானா வர்றது இல்ல சார். அது ஒரு வேலை. முடியலைன்னா மனுஷன் நிறுத்திடுவான்."

"பேசறதை எல்லாம் யாராவது நிறுத்துவாங்களா மேடம்?"

அவர் பேட்டித் தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தார். பிறகு, "சரி, குழு முடிவு பண்ணட்டும்" என்றார். எங்கள் இருவரையும் சேர்க்காமல் குழுவில் ஏழு பேர். எனக்கு நான்கு, அவருக்கு மூன்று. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிலைநாட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். பன்னிரண்டாம் கேள்வி கீழேயே இருந்தது. நான்கு கட்டத்தோடு.

போன வருடம் அவருக்கே நோய் வந்தது. எந்த நோயாளர் பக்கத்தில் பதினெட்டு வருடம் உட்கார்ந்தாரோ அதே நோய், நுரையீரல் இறுகும் நோய். முதல் நாள் அவர் தன் படிவத்தை நிரப்பிவிட்டு எங்கள் அறைக்கு வந்து சிரித்தார். "ஒன்பதாம் கேள்வி கொஞ்சம் கோணலா இருக்கு சார். நம்ம கண்ணுக்கு இத்தனை வருஷம் தெரியலையே!" தன் நோயிலும் படிவத்தின் குறையைத்தான் பார்த்தார். பிறகு வேலைக்கு வருவது குறைந்தது. பிறகு வீட்டிலிருந்தே வேலை. பிறகு குறுஞ்செய்தி மட்டும். நான் இரண்டுமுறை போன் செய்தேன். இரண்டுமுறையும் கணவர் எடுத்தார். "படுத்திருக்கா சார், நல்லா இருக்கா" என்றார். டாக்டரின் திரையில் அவர் பெயருக்கு நேரே இருந்த எண்ணும் அப்படித்தான் சொன்னது. நான் நம்பினேன். ஏட்டுச் சுரைக்காயை எத்தனை வருடமாகச் சமைக்கிறேன், அன்றும் அதைத்தான் சமைத்தேன்.

ஐயா, உங்களைப் பற்றிச் சொல்ல நீங்கள் அனுமதி கொடுத்தீர்கள். சொல்கிறேன். அவர் கணவர் முப்பது வருடம் பேருந்து நடத்துநராக இருந்தவர். இரண்டு வாசலுக்கும் கேட்கிற குரல் அவருடையது. அந்த வீட்டில் எப்போதுமே அவர்தான் பேசுவார், மேடம் கேட்டுக்கொண்டிருப்பார். மருத்துவமனைக்கு வரும்போதும் டாக்டர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் இவர்தான் பதில் சொன்னார். மேடம் தலையை மட்டும் ஆட்டினார். சென்ற வாரம் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் பாட்டுக்குப் பேசிட்டே இருந்தேன் சார். அவ எப்பவும் போல கேட்டுட்டு இருக்கான்னு நெனச்சேன். அவளால பேச முடியலைன்னு எனக்குத் தோணவே இல்லை." ஐயா, நீங்கள் அழாதீர்கள். படித்த நாங்களே கண்டுபிடிக்கவில்லை, உங்களை யார் குறை சொல்வது?

ஆனால் கேளுங்கள், அன்பர்களே! மேடம் மறைக்கவில்லை. மேடம் சொன்னார். எழுதிச் சொன்னார்.

மூன்றரை மாதத்துக்கு முன் ஒரு நாள் பதிவுப் பிரிவிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. நீங்கள் தரும் தாள்களைக் கணினியில் ஏற்றும் தங்கை அவள். பின்வரிசையில் இருக்கிறாள். "சார், ஒரு பாரத்துல பன்னிரண்டாம் கேள்விக்கு நாலு கட்டத்தையும் விட்டுட்டு, பக்கத்துல பேனாவால அஞ்சாவதா ஒரு கட்டம் வரைஞ்சு அதுல டிக் போட்டிருக்காங்க. என்ன போடட்டும்?"

தாளில் பெயர் இருக்காது, பதிவு எண் மட்டும்தான். யாருடையது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? யாருடையதாக இருந்தால் என்ன? பதினெட்டு வருடம் 'ஏன்' என்ற ஒரே சொல்லைப் பக்கத்து நாற்காலியில் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். அன்று அந்த ஒரு சொல் என் வாயில் வந்திருக்கக் கூடாதா? ஏன் வரைந்திருக்கிறார் என்று ஒருமுறை கேட்டிருக்கக் கூடாதா?

நான் சொன்னது இதுதான்: "விடுபட்ட பதில்னு வைச்சுக்கோம்மா. விதிப்படி போடு."

விதி என்ன தெரியுமா? ஒருவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டால், அவருடைய மற்ற பதில்களின் சராசரியை எடுத்து அந்த வெற்றிடத்தில் போட்டுவிட வேண்டும். அந்த விதியை எழுதியவன் நான். தங்கச்சி, நீ அழ வேண்டாம். இந்த மருத்துவமனையில் அந்தக் கட்டத்தைப் பார்த்து நிறுத்திக் கேட்டது நீ ஒருத்திதான். தவறு உன்னுடையது இல்லை. இதை எல்லோர் முன்னாலும் சொல்லத்தான் இன்று மேடையேறினேன்.

மூன்று மாதமும் அவர் அந்தக் கட்டத்தை வரைந்திருக்கிறார். மூன்று மாதமும் விதிப்படி போட்டோம். அவர் போன பிறகு அந்த மூன்று தாள்களையும் கிடங்கிலிருந்து எடுத்து மேசையில் பரப்பினேன். முதல் தாளில் கட்டத்தின் கோடுகள் நேராக இருக்கின்றன. மற்ற கட்டங்களின் அளவுக்குச் சரியாக, அடிமட்டம் வைத்து வரைந்திருக்கிறார், தொழில் தெரிந்த கை. மூன்றாவது தாளில் கோடு நடுங்கியிருக்கிறது. பக்கத்தில் சின்ன எழுத்தில், 'விட்டுவிட்டேன்' என்று எழுதியிருக்கிறார்.

கணக்கு சார் கணக்குப் போட்டேன். முதல் இரண்டு மாதமும் எப்படிப் போட்டிருந்தாலும் எல்லையைத் தொட்டிருக்காது. மூன்றாவது மாதம்? வீட்டுக்குச் செவிலியரை அனுப்ப எல்லை முப்பத்திரண்டு. மற்ற பதினைந்து கேள்விகளில் அவருக்கு வந்தது இருபத்தொன்பது. நான் போட்ட சராசரி இரண்டு. மொத்தம் முப்பத்தொன்று. அந்தக் கட்டத்தைக் கட்டமாக மதித்து நான்கு போட்டிருந்தால் முப்பத்துமூன்று. அந்த வாரமே செவிலியர் போயிருப்பார். உருளை போயிருக்கும். திணறலைத் தணிக்கும் மருந்து போயிருக்கும்.

இன்னும் கேளுங்கள். அவர் பொய்யாக, 'தாங்க முடியாத அளவு' என்று நான்காவது கட்டத்தில் ஒரு டிக் போட்டிருந்தால் மூன்று மதிப்பெண். முப்பத்திரண்டு வந்திருக்கும். இந்தக் கணக்கு அவருக்குத் தெரியாதா? எல்லையைக் குறித்த கூட்டத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்! ஆனால் அவர் பேசவில்லை, அதனால் பேசும்போது மூச்சு வாங்கவில்லை. நடக்காத ஒன்றுக்கு அவர் டிக் போடமாட்டார்.

டாக்டரிடம் கேட்டேன். உயிரைக் காப்பாற்றியிருக்குமா என்று. டாக்டர் நேர்மையாகச் சொன்னார்: "நோய் அப்படிங்க. உயிர் போறதைத் தடுத்திருக்காது. ஆனா அந்த இருபத்தாறு நாளை இப்படிக் கழிச்சிருக்க மாட்டாங்க." மூன்றாவது தாள் வந்ததிலிருந்து அவர் போனது வரை இருபத்தாறு நாள்! மூச்சுக்குத் தவித்த இருபத்தாறு நாள் என் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. அதை எந்தச் சராசரியால் நிரப்புவேன்?

அவர் மகள் வெளியூரிலிருந்து கடைசி மாதம்தான் வந்தாள். வந்தவுடனே கண்டுபிடித்தாள். அம்மாவோடு பேச ஆசையாக வந்த பிள்ளைக்கு அம்மா பேசவில்லை என்பது தெரியாமலா போகும்? "ஆபீசுக்கு ஒரு போன் போட்டுச் சொல்றேம்மா, நாளைக்கே ஆள் வருவாங்க" என்றாளாம். மேடம் கையைப் பிடித்துத் தடுத்தார். தலையணைக்குக் கீழே இருந்த சிறு நோட்டை எடுத்து எழுதிக் காட்டினார். அந்தப் பக்கத்தை மகள் கிழித்து என்னிடம் கொடுத்தாள். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கோபம் நியாயமானது, அது தீர வேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன். அந்தத் தாள் என் சட்டைப் பையில் இருக்கிறது. அதில் நான்கே சொற்கள்.

'பாரத்தில எழுதிட்டேன். கட்டாயம் படிப்பாங்க.'

ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

அன்பர்களே! யார் படிப்பார்கள் என்று அவர் நம்பினார்? எங்களைத்தானே? கோபத்தில் எழுதவில்லை அவர். என்னைச் சோதிக்கவும் எழுதவில்லை. எழுதினால் படிப்பார்கள் என்று, உங்களுக்கெல்லாம் அவர் கொடுத்த வாக்கை, அவரே நம்பினார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அழுவதற்கு மூச்சே இல்லாத பிள்ளை என்ன செய்யும்? ஒரு கட்டம் வரையும். அதை நான் சராசரியால் மூடினேன்.

அவர் போன மறுநாள் நானும் பதிவுப் பிரிவுத் தங்கையும் கிடங்கில் உட்கார்ந்தோம். இப்போது சிகிச்சையில் இருக்கும் நானூற்றுப் பன்னிரண்டு பேரின் தாள்களையும் கையால் புரட்டினோம். கணினி ஏற்றுக்கொள்ளாத இடங்களை மட்டும் படித்தோம். ஓரங்கள், அடித்தல்கள், கேள்விக்குறிகள். ஒருவர் தூக்கம் பற்றிய கேள்விக்குப் பக்கத்தில், 'உட்கார்ந்தபடியா, படுத்தபடியா?' என்று எங்களையே திருப்பிக் கேட்டிருக்கிறார். எவ்வளவு சரியான கேள்வி! இரண்டு வருடமாக ஓரத்தில் காத்திருக்கிறது.

பன்னிரண்டாம் கேள்வியை வெறுமையாக விட்டிருந்தவர்கள் ஏழு பேர். ஏழு பேரின் மௌனத்திலும் நான் சராசரியை ஊற்றி வைத்திருந்தேன். செவிலியர் கண்காணிப்பாளர் அன்றைக்கே ஆள் அனுப்பினார். அந்த உதவிக்கு அம்மா அவர்களே, கோடி நன்றி. ஆறு வீடுகளில் ஆள் இருந்தார்கள். அதில் நான்கு பேர் பேசுவதை நிறுத்தி மாதக்கணக்காகிறது. ஒருவருக்கு எழுதத் தெரியாது, அதனால் வெறுமையாக விட்டதோடு சரி, கட்டம் வரையக்கூட வழியில்லை. அவர்கள் நால்வருக்கும் உருளை போயிருக்கிறது. இரண்டு பேர் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். ஏழாவது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டோம். அவர் போய் ஒரு மாதம் ஆகிறது என்றார்கள். அவர்தான் அந்தத் தையல்காரர்.

கண்கெட்ட பிறகு சூரியனைக் கும்பிடுகிறான் இவன் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள். எனக்கு அது வேண்டும்.

இப்போது நாங்கள் செய்யப்போவதைச் சொல்லிவிடுகிறேன். சத்தியம், சபதம் என்ற பெரிய சொற்கள் வேண்டாம், மேடத்துக்குப் பிடிக்காது. குழு நேற்று கூடியது. இம்முறை ஏழுக்கு ஏழு. பன்னிரண்டாம் கேள்வி மேலே போய்விட்டது. அச்சிட்ட தாள் நாளைக் காலை முதல் உங்கள் கைக்கு வரும், அதில் ஐந்து கட்டம் இருக்கும். சராசரி போடும் விதியை நான் எழுதிய கையாலேயே அடித்துவிட்டேன். இனி ஒரு பதில் விடுபட்டால் கணினி நிரப்பாது. ஒரு மனிதர் எழுந்து வந்து உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, 'ஏன்?' என்று கேட்பார். பேச முடியாதவருக்குத் தாளும் பேனாவும் தருவோம். எழுதத் தெரியாதவருக்குப் படம் போட்ட அட்டையைத் தருவோம். அந்த வேலைக்கு முதல் ஆளாக நான் என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். ஓய்வு பெற எனக்கு இரண்டு வருடம் இருக்கிறது. அந்த இரண்டு வருடமும் என் திரை ஒரு பக்கம் இருக்கட்டும், என் வேலை அந்த நாற்காலியில்தான். கேட்கத் தெரியாதவன் கற்றுக்கொள்கிறேன், கொஞ்சம் பொறுமையாக இருங்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வீட்டில் யாராவது சண்டை போடுவதை நிறுத்தியிருந்தால், முன்பெல்லாம் குறை சொன்னவர் இப்போது சொல்லாமல் இருந்தால், தேறிவிட்டார் என்று உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர் மேலும் கீழும் தலையாட்டினால் அதோடு விட்டுவிட்டு எழுந்து வராதீர்கள்.

கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காப்பது வழக்கம். நிகழ்ச்சி நிரலிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. டாக்டர் அவர்களே, அதை நீக்கிவிடும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். மூன்று மாதம் மௌனமாகவே இருந்துவிட்டுப் போனவருக்கு நாம் இன்னும் ஒரு நிமிட மௌனத்தையா கொடுப்பது? அதற்குப் பதில் அவருக்குச் சேர வேண்டிய ஒரு பதில் என்னிடம் பாக்கி இருக்கிறது. அதை உங்கள் எல்லோர் முன்னிலையிலும், உரக்க, அவர் கணவரின் குரல் அளவுக்கு இல்லாவிட்டாலும் என்னால் முடிந்தவரை உரக்கச் சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

மேடம், உங்கள் பாரம் வந்தது. மூன்று தாளும் வந்தன. பன்னிரண்டாம் கேள்விக்கு நீங்கள் வரைந்த கட்டத்தையும், அதன் பக்கத்தில் எழுதியதையும் பார்த்தேன்.

படித்துவிட்டேன், மேடம்.